பாறையில் உறங்கும் மணிச்சத்து

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சிக் கூட்டத்தில் வேளாண்மைப் பணியாளர் சார்பில் ஆற்றிய உரையின் வாசகம்)

 

பயிருக்கு இன்றியமையாத உணவுகள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகிய மூன்று என்பதை நீங்கள் யாவரும் அறிவீர்கள். இவற்றுள் மணிச்சத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். வேர் ஓடுவதற்கும், தூர் கட்டுவதற்கும், கதிரில் மணி பிடிப்பதற்கும் இச்சத்து வேண்டும். தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தரப் பயறு வகைகளும் பசுந்தாள் உரப் பயிர்களும் உள்ளன. மணிச்சத்தோ காற்றில் இல்லை. அது மண்ணிலிருந்து வர வேண்டும். அல்லது நாம் இட வேண்டும். தொழிற்சாலைகளில் ஆகும் மணிச்சத்து உரம் அனைத்திற்கும் மூலப்பொருள் ஒன்றே. அது பாறை பாஸ்பேட் என்னும் கல். நம் நாட்டின் தேவையில் மிகப் பெரும்பகுதி, மொராக்கோ, ஜோர்டான், எகிப்து முதலிய நாடுகளிலிருந்து கல்லாகவோ, பாஸ்பாரிக் அமிலமாகவோ, ஆயத்த உரமாகவோ கப்பலில் வந்து இறங்குகிறது. அங்கே விலை ஏறினால் இங்கே உழவன் வீட்டில் கவலை ஏறுகிறது.

இந்நிலையில், பெரம்பலூர்ப் பகுதிக்கு நாங்கள் செல்லும்போதெல்லாம் உழவர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. “எங்கள் ஊர்க் களிமண்ணில் பாஸ்பேட் கல் இருக்கிறதாமே ஐயா! அதை அரைத்து நாங்களே வயலுக்குப் போட்டுக்கொண்டால் என்ன?” என்பதே அக்கேள்வி. நியாயமான கேள்வி. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறுவது எளிது. ஆனால் அவ்வாறு கூறி ஒரு முறை நாங்களே தவறியிருக்கிறோம். ஆகையால் இன்று விரிவாகவே விடை கூற விரும்புகிறோம்.

நம் மண்ணில் உள்ள கல்

உத்தட்டூர், காரை முதலிய ஊர்களின் நிலம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் இருந்தது. அக்கடற்சேற்றில் உயிர்களின் எலும்பிலும் உடலிலும் இருந்த பாஸ்பேட் திரண்டு, உருண்டை உருண்டையான முடிச்சுக் கற்களாயிற்று. மழை களிமண்ணை அரித்துச் சென்ற ஓடைக்கரைகளில் இக்கற்கள் வெளியே தெரிவதை நீங்கள் கண்டிருக்கலாம்.

1890ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே வார்த் என்னும் அறிஞர் இவற்றை ஆராய்ந்தார். 200 அடி ஆழம் வரை கணக்கிட்டால் 80 லட்சம் டன் கல் இருக்கக்கூடும் என்பது அவருடைய மதிப்பீடு. கல்லின் தரமும் இழிந்ததன்று. 100 பங்கில் 56 முதல் 59 பங்கு வரை சுண்ணாம்பு பாஸ்பேட் இருப்பதாகக் கண்டனர். உர மூட்டையில் அச்சிடும் மணிச்சத்துக் கணக்கில் இது ஏறத்தாழ 26 பங்கு ஆகும். அக்காலத்தில் இதனைத் தூளாக்கிக் காப்பித் தோட்டங்களுக்கு விற்கவும் முயன்றனர். அம்முயற்சி ஊக்கம் தரும் அளவுக்கு நடைபெறவில்லை.

80 லட்சம் டன் என்ற கணக்கைக் கேட்டு மகிழ்ந்துவிடுவதற்கு முன், அதே அறிஞர் எழுதி வைத்த மற்றொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 100 கன அடி களிமண்ணைத் தோண்டினால் அதில் கிடைக்கும் கல் 27 முதல் 47 ராத்தல் மட்டுமே. இன்றைய அளவில் 12 முதல் 21 கிலோ. மணலும் கிராவலும் வாங்கும்போது 100 கன அடியை ஒரு யூனிட் என்கிறோம் அல்லவா? அந்தக் கணக்கில், ஒரு டன் கல் சேர்க்க 47 யூனிட் முதல் 82 யூனிட் வரை களிமண்ணைத் தோண்டி, உடைத்து, பொறுக்கி, மீண்டும் குழியை மூட வேண்டும். அந்தக் கூலியைக் கணக்கிட்டால், மலிவு என்று நினைத்த உரம் மலிவாக இராது. மேலும் அக்கல்லில் 16 பங்கு அளவுக்குச் சுண்ணாம்புக் கார்பனேட்டும் கலந்துள்ளது. திராவகத்தால் பக்குவம் செய்யப் புகுந்தால், திராவகத்தின் ஒரு பகுதியை இக்கலப்பே குடித்துவிடும்.

சட்டமும் ஒன்று உண்டு. பாறை பாஸ்பேட் கனிமங்களைச் சேர்ந்தது. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்திற்கு உட்பட்டது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பாஸ்பேட்டும் நாட்டின் முக்கியக் கனிமங்களின் வரிசையில் வைக்கப்பட்டது. நிலம் நம்முடையதாயினும் பஞ்சாயத்தோ உழவரோ உரிமம் இன்றித் தோண்டி விற்க இயலாது. இதனை இப்போதே தெளிவாக அறிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் நம் நாட்டுக் கல்லே கிடையாதா எனில், உண்டு. ராஜஸ்தானத்தில் உதயப்பூருக்கு அருகில் ஜாமர்கோட்ராவில் 1968ஆம் ஆண்டில் பெரும் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. அம்மாநில அரசின் சுரங்க நிறுவனம் அதை வெட்டி எடுக்கிறது. அங்கே கிடைக்கும் கல்லைத் தூளாக்கி ‘ராஜ்பாஸ்’ என்னும் பெயரில் விற்கின்றனர். அதில் 100க்கு 18 பங்கு அளவில் மணிச்சத்து உண்டு. நாம் இன்று நம்பிக் கையாளக்கூடிய உள்நாட்டுக் கல் இத்தகைய தூளே.

அடைபட்ட குதிர்

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். கல்லில் மணிச்சத்து இருக்கிறது என்பது வேறு. அது பயிருக்குக் கிடைக்கும் என்பது வேறு. வீட்டில் குதிர் நிறைய நெல் இருக்கிறது. ஆனால் குதிரின் வாய் அடைபட்டுக் கிடக்கிறது. அந்த வீட்டில் உலை கொதிக்குமா? பாறை பாஸ்பேட்டின் நிலையும் இதுவே. அதில் மணிச்சத்து சுண்ணாம்புடனும் ஃபுளோரினுடனும் இறுகப் பிணைந்து நிற்கிறது, நீரில் கரைவதில்லை. வேர் கரைந்ததையே உறிஞ்ச வல்லது.

இக்குதிரின் வாயைத் திறக்க மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி கந்தகத் திராவகம். அரைத்த கல்லுடன் இத்திராவகத்தைச் சேர்த்தால் நீரில் கரையும் பாஸ்பேட்டும் ஜிப்சமும் உண்டாகின்றன. இதுவே சூப்பர் பாஸ்பேட். இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் என்பவர் 1842ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை 1906ஆம் ஆண்டில் நம் இராணிப்பேட்டையிலேயே அமைந்தது என்பது நாம் பெருமை கொள்ளத் தக்கது. ஆனால் இது தொழிற்சாலையின் வேலை. கிராமத்தின் வேலை அன்று. திராவகம் மேனியைப் பொசுக்கும். கலக்கும்போது எழும் ஃபுளோரின் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். பீப்பாயில் திராவகம் வாங்கி வந்து களத்துமேட்டில் கலக்கிப் பார்க்கும் எண்ணம் எவருக்கேனும் இருந்தால், அதை இங்கேயே விட்டுச் செல்லும்படி வேண்டுகிறோம்.

இரண்டாம் வழி புளிப்பு நிலம். நீலகிரி, வால்பாறை, கூடலூர் போன்ற மழை மிகுந்த மலைப்பகுதிகளில் மண் இயல்பாகவே புளிப்புத் தன்மை உடையது. கார அமில நிலை 5.5க்குக் குறைந்த மண்ணில் நேர்த்தியாக அரைத்த தூளை அப்படியே இடலாம். மண்ணின் புளிப்பே கல்லை மெல்ல மெல்லக் கரைக்கும். தேயிலை, ரப்பர் போன்ற நீண்ட காலப் பயிர்களுக்கு இது பொருந்தும். புளிப்பு நிலத்து நெல் வயலாயின், நீர் கட்டுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே இட்டு உழுதுவிட வேண்டும். நீர் தேங்கிய பின் புளிப்புத் தணிந்துவிடும், கல்லும் கரையாது.

நாங்கள் தவறியது இங்கேதான். பல ஆண்டுகளுக்கு முன், மலைத்தோட்டத்தில் நற்பயன் தந்த தூளைக் கண்டு, கரிசல் காட்டில் மக்காச்சோளம் பயிரிட்ட உழவர் ஒருவருக்கும் அதையே சிபாரிசு செய்தோம். அவர் எங்கள் சொல்லை நம்பிப் பணம் கொடுத்து வாங்கி இட்டார்; வேறு மணிச்சத்து உரம் இடவில்லை. பயிர் கருஞ்சிவப்புப் படர்ந்து நின்றது. அறுவடை முடிந்தபின் நாங்கள் சென்றபோது அவர் கோபிக்கவில்லை. மண்ணைக் கிளறி ஒரு பிடி எடுத்துக் காட்டி, “கல்லுக்குப் பணம் கொடுத்தேன் ஐயா; கல்லாகவே கிடக்கிறது” என்றார். அதற்கு நாங்கள் மறுமொழி கூற இயலவில்லை. அவருடைய மண் சுண்ணாம்பு மிகுந்த கரிசல். அங்கே புளிப்பு இல்லை. கல் கரைய வழியும் இல்லை. மண்ணைச் சோதிக்காமல் சிபாரிசு செய்தது எங்கள் பிழை. அந்தப் பிழைக்கு அவர் ஒரு வெள்ளாமையைக் கொடுத்தார்.

பாஸ்பேட் கற்கள் கிடக்கும் பெரம்பலூர்ப் பகுதியிலும் இத்தகைய கரிசல் நிலமே பரந்துள்ளது. கல் ஊரில் இருக்கிறது என்பதற்காக அது ஊர் வயலில் கரைந்துவிடாது. உங்கள் மண்ணும் அவ்வாறானதா என அறிய, காய்ந்த மண்கட்டி ஒன்றின்மேல் சில துளி காடியை விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் அது சுண்ணாம்பு மண். அதில் வெறும் கல்தூளை இடாதீர்கள். இச்சோதனை ஒரு குறிப்பு மட்டுமே. மண் பரிசோதனை நிலையத்திற்கு மாதிரி அனுப்பி முழு விவரம் பெறுவதே முறை.

எருக்குழியே தொழிற்சாலை

மூன்றாம் வழியே நம் கிராமங்களுக்கு உரியது. அது மக்கு எரு. கழிவுகள் மக்கும்போது நுண்ணுயிர்கள் பலவகை அங்கக அமிலங்களைச் சுரக்கின்றன. அவை கல்லில் உள்ள சுண்ணாம்பைப் பற்றி இழுத்து, மணிச்சத்தின் ஒரு பகுதியை விடுவிக்கின்றன. விடுபட்ட சத்தை நுண்ணுயிர்கள் தம் உடலிலும் சேர்த்து வைக்கின்றன. அவை மடிந்து மக்கும்போது அச்சத்து பயிருக்கு வருகிறது. எருவோடு கலந்து இருப்பதால் மண்ணிலுள்ள சுண்ணாம்பும் அதை உடனே பிடித்துக்கொள்வதில்லை. ஆகவே கரிசலுக்கும் இவ்வழி உதவும்.

செய்முறையைக் கூறுகிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

நிழல் உள்ள, மழைநீர் தேங்காத மேட்டிடத்தில் 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு குழி அல்லது தொட்டி அமைக்க வேண்டும். உலர்ந்த எடைக் கணக்கில், பயிர்க் கழிவு 8 பங்கு, மாட்டுச் சாணம் 1 பங்கு, நல்ல மண் அரைப் பங்கு, நன்கு மக்கிய பழைய எரு அரைப் பங்கு கொள்ள வேண்டும். ஒரு டன் கலவைக்குக் கழிவு 800 கிலோ, சாணம் 100 கிலோ, மண் 50 கிலோ, பழைய எரு 50 கிலோ எனக் கணக்காகும். மக்காச்சோளத் தட்டை, பருத்திமாரில் இளங்கொப்பு, கடலைக்கொடி, களைச்செடி ஆகிய யாவும் ஆகும். தட்டையை விரல் நீளத்திற்கு நறுக்கிவிட வேண்டும். இத்துடன் சேர்க்க வேண்டிய பாறை பாஸ்பேட் தூள் 125 கிலோ. தூள் மாவு போல் இருத்தல் வேண்டும். 0.15 மில்லிமீட்டர் சல்லடையில் 100க்கு 90 பங்கு இறங்க வேண்டும் என்பது அரசின் தரக் கட்டளை. விரலிடையில் நறநறவென்று மணலாக உறுத்தும் தூளை வாங்காதீர்கள்.

முதலில் அரை அடி உயரம் கழிவைப் பரப்பி, அதன்மேல் கல்தூளைத் தூவி, சாணம், மண், எரு மூன்றையும் நீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். இவ்வாறு அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். மக்காச்சோளத் தட்டை போன்ற வறண்ட கழிவே மிகுதியாயின் டன்னுக்கு 5 கிலோ யூரியாவை நீரில் கரைத்துச் சேர்த்தால் மக்குவது விரைவாகும். சுண்ணாம்பையும் அடுப்புச் சாம்பலையும் இக்குழியில் இடலாகாது. அவை புளிப்பை முறித்துக் கல்லைக் கரையாமல் செய்துவிடும். வழக்கமான எருக்குழியில் சாம்பல் கொட்டும் பழக்கம் நம்மிடம் உள்ளது. ஆகையால் இதனை வீட்டுப் பெண்மக்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஈரம் அளவாக இருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடையில் இரண்டொரு சொட்டு மட்டும் கசிய வேண்டும். நீர் ஒழுகினால் ஈரம் மிகுதி. கை நனையாவிட்டால் ஈரம் குறைவு. ஓர் இரும்புக் கம்பியைக் குழியில் செருகி வைத்து, சில நாள் கழித்து உருவித் தொட்டுப் பார்த்தால் கை பொறுக்காத சூடு இருக்கும். அது வேலை நன்கு நடைபெறுவதன் அடையாளம். 15ஆம் நாள், 30ஆம் நாள், 45ஆம் நாள் ஆகிய மூன்று முறை கிளறிப் புரட்டி, உலர்ந்திருந்தால் நீர் தெளிக்க வேண்டும். தொடக்கச் சூடு தணிந்த பிறகு, டன்னுக்கு 1 கிலோ பாஸ்போபாக்டீரியா நுண்ணுயிர் உரத்தைச் சேர்ப்பது நலம். சூடு இருக்கும்போது சேர்த்தால் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். 90 முதல் 120 நாட்களில் எரு கருத்து, பொலபொலவென உதிர்ந்து, மண்வாசனை வீசும். அதுவே பக்குவம்.

வரவும் செலவும்

125 கிலோ தூளில் 100க்கு 18 வீதம் மணிச்சத்து 22½ கிலோ. ஒரு 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் உள்ள மணிச்சத்து 23 கிலோ. ஆக, ஒரு குழியில் ஏறத்தாழ ஒரு டி.ஏ.பி. மூட்டையின் மணிச்சத்தைச் சேர்க்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. மூட்டையில் இருப்பதில் பெரும்பகுதி உடனே கரைவது. குழியில் இருப்பதில் ஒரு பகுதியே முதல் பயிருக்குக் கிட்டும். எஞ்சியது அடுத்தடுத்த பயிர்களுக்கு மெல்ல வரும். எனவே முதல் ஆண்டிலேயே கடை உரத்தை முழுவதும் நிறுத்தும்படி நாங்கள் கூறமாட்டோம். மண் பரிசோதனை கூறும் மணிச்சத்தில் பாதியை இந்த எருவாகவும், பாதியைச் சூப்பர் பாஸ்பேட்டாகவும் இடுங்கள். நிலக்கடலைக்குச் சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள கந்தகமும் சுண்ணாம்பும் தேவையாதலால் அங்கே அதை அறவே கைவிடல் ஆகாது. எருவை வயல் முழுதும் வீசாமல், விதைக்கும் சாலில் வேர் எட்டும் இடத்தில் இட்டால் பயன் மிகும்.

வாங்கும்போது மூட்டை விலையைப் பார்க்காதீர்கள்; சத்தின் விலையைப் பாருங்கள். 18 பங்குத் தூளில் 50 கிலோ மூட்டைக்கு 9 கிலோ மணிச்சத்து. சூப்பர் பாஸ்பேட்டில் 16 பங்கு வீதம் 8 கிலோ. மூட்டை விலையோடு வண்டிச் சத்தத்தையும் கூட்டி, இந்தக் கிலோவால் வகுத்துப் பாருங்கள். உதயப்பூரிலிருந்து வரும் கல்லுக்கு வண்டிச் சத்தமே பெரும் செலவு. கரையாத சத்தின் விலை, கரையும் சத்தின் விலையைக் காட்டிலும் வெகுவாகக் குறைந்தால் மட்டுமே வாங்குவது இலாபம். குறையவில்லையெனில் வாங்க வேண்டாம். குழியைச் சாணத்தாலும் கழிவாலும் நிரப்பி, சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு எருவோடு கலந்து ஊட்டமேற்றி இடும் முறையைக் கைக்கொள்ளுங்கள். அதுவும் நல்ல முறையே.

இரண்டு எச்சரிக்கைகள். பாறை பாஸ்பேட்டில் ஃபுளோரின் உள்ளது. தாது உப்பு என்று கருதி மாட்டுத் தீவனத்தில் இதைக் கலக்கவே கூடாது; பல்லும் எலும்பும் கெடும். தூள் கையாளுவோர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

ஒரு தனி உழவர் 125 கிலோ தூளுக்காக ராஜஸ்தானத்திற்கு எழுத முடியாது. ஊரில் தேவைப்படுவோர் பட்டியலைக் கிராம சபையில் எடுத்து, கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக ஒரு லாரிச் சுமையாக வாங்கினால் சத்தம் பகிர்ந்துபோகும். மூட்டையில் சத்தின் அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா எனப் பார்த்து, ஐயமிருப்பின் வேளாண்மைத் துறை வழியாக மாதிரியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அறுவடைக்குப் பின் காட்டிலேயே கொளுத்தப்படும் தட்டையைக் குழிக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்ய வேண்டும். குழி அமைக்கப் பொது நிலத்தில் நிழலான இடம் ஒதுக்கலாம். மகளிர் குழுக்களிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் அவர்களுக்கும் வருவாய் கிட்டும்.

எல்லாவற்றிலும் முதலாவதாக, ஊருக்கு ஒரு சோதனை வயல் வேண்டும். ஒரே காட்டில் 5 சென்ட் வீதம் மூன்று பட்டை பிரியுங்கள். ஒன்றில் மணிச்சத்து ஏதும் வேண்டாம். ஒன்றில் வழக்கமான கடை உரம். ஒன்றில் பாதி எரு, பாதி சூப்பர் பாஸ்பேட். தழைச்சத்தும் சாம்பல் சத்தும் மூன்றிற்கும் சமமாக இடுங்கள். அறுவடையைத் தனித்தனியே நிறுத்து, பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வையுங்கள். தொடர்ந்து மூன்று பயிர் பாருங்கள். கல்லின் பயன் மெல்லவே தெரியும். அந்தப் பலகை கூறுவதை நாங்களும் ஏற்றுக்கொள்வோம். எங்கள் சிபாரிசுக்கு மாறாக இருப்பினும் ஏற்றுக்கொள்வோம்.

முன்பு நாங்கள் குறிப்பிட்ட அந்த உழவர், அடுத்த ஆண்டு எஞ்சியிருந்த தூளைத் தூர எறியவில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டபடி ஓரமாக ஒரு குழி வெட்டி, தட்டையோடும் சாணத்தோடும் மக்கவைத்து, சூப்பர் பாஸ்பேட்டோடு பாதிக்குப் பாதி இட்டார். அவ்வாண்டுப் பயிர் கருஞ்சிவப்புப் படரவில்லை. “இப்போதுதான் ஐயா கல் கரைந்தது” என்றார். ஒரு காட்டில், ஓர் ஆண்டில் கண்டது அது. அதைக்கொண்டு எல்லா ஊருக்கும் உறுதி கூறமாட்டோம். உங்கள் ஊர் மண்ணில் என்ன ஆகும் என்பதை உங்கள் சோதனை வயலே கூற வேண்டும். வரும் பட்டத்திற்கு முன் மண் மாதிரி எடுங்கள். ஒரு குழி வெட்டுங்கள். மண் மாதிரியின் முடிவு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். இம்முறை சோதித்த பிறகே சிபாரிசு செய்வோம்.